எங்கள் வட்டாட்சியரின் கையெழுத்தை எங்கள் மாவட்டத்திலேயே உறுதிசெய்யுங்கள்

வெளிநாடுகளுக்கான ஆவணங்களுக்குச் சான்றொப்பம் வழங்கும் பொறுப்பில், மாநில அரசிலும் ஒன்றிய அரசிலும் இருக்கும் உயர் அலுவலர்களுக்கு,

ராதாபுரம் வட்டத்தின் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து குவைத்துக்கு மீன்பிடி வேலைக்குச் சென்றவர் அங்கேயே மாரடைப்பில் இறந்துபோனார். உடல் வந்து சேர்ந்தது, அடக்கமும் முடிந்தது. அவருக்குச் சேர வேண்டிய நிலுவைச் சம்பளமும் பணிமுடிவுத் தொகையும்தான் இன்னும் வரவில்லை. அதைப் பெற வேண்டுமானால் அவருடைய மனைவி வாரிசுச் சான்றிதழையும் அதிகாரப் பத்திரத்தையும் உரிய முத்திரைகளோடு அனுப்ப வேண்டும். நகையை அடகு வைத்து ஒரு முகவரிடம் பணம் கட்டினார். முகவர் வாங்கிக் கொடுத்தது அப்போஸ்டில், அதாவது அதற்கான உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு மட்டும் செல்லும் சான்று. குவைத்தோ அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேராத நாடு. ஆவணங்கள் செல்லாது என்று திரும்பி வந்துவிட்டன.

ஆங்கிலத்தில் வந்த அந்த மறுப்புக் கடிதத்தை அவருக்குத் தமிழில் படித்துச் சொன்னவள் நான். "அக்கா, இதில் சர்க்கார் சீல் இருக்கிறதே, பிறகு எப்படிச் செல்லாமல் போகும்?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல வேண்டியவர்கள் நீங்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையில் தட்டச்சும் நகலெடுப்பும் செய்யும் சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். மேலப்பாளையம், கடையநல்லூர், புளியங்குடி, திசையன்விளை, உவரி, காயல்பட்டினம் என்று நாலா பக்கமிருந்தும் பாஸ்போர்ட் நகலும் சான்றிதழ் உறையுமாக என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள். வீட்டுக்கு ஒருவர் கடல் கடந்து போன தெருக்கள் இங்கே நிறைய உண்டு. போகிறவர்களுக்கு வேண்டிய தாளையும், போனவர்களின் மனைவிமார்க்கு வேண்டிய தாளையும், திரும்பி வராதவர்களின் தாய்மார்க்கு வேண்டிய தாளையும் நான் தட்டச்சு செய்கிறேன். ஆகவே உங்கள் நடைமுறை எந்த இடத்தில் மனிதர்களை உடைக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

நடைமுறை இதுதான். திருமணச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அதிகாரப் பத்திரம் போன்ற தனிநபர் ஆவணங்களுக்கு முதலில் மாநில அரசு சான்றொப்பம் தர வேண்டும். படிப்புச் சான்றிதழ் என்றால் மாநிலக் கல்வித் துறையின் முத்திரை வேண்டும். எங்கள் ஊரில் அதை இன்றும் 'எச்.ஆர்.டி. அட்டெஸ்டேஷன்' என்றுதான் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரை. 1961 அக்டோபர் 5ஆம் தேதி ஹேக் நகரில் உருவான அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்றால் அமைச்சகம் ஒட்டித் தரும் அப்போஸ்டிலோடு வேலை முடிந்தது. சேராத நாடு என்றால் அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பத்தைப் பெற்று, அதன்மேல் அந்த நாட்டுத் தூதரகத்தின் முத்திரையையும் வாங்க வேண்டும். இந்தியாவில் அந்த உடன்படிக்கை 2005 ஜூலை 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. வெளிநாட்டு ஆவணங்களுக்குத் தூதரகம் தூதரகமாக அலையும் வழக்கத்தை ஒழிப்பதுதான் அதன் நோக்கம். டெல்லிக்கும் ஹேக்குக்கும் இடையில் அந்த அலைச்சல் குறைந்திருக்கலாம். உவரிக்கும் சென்னைக்கும் இடையில் அது குறையவே இல்லை.

ராதாபுரம் வட்டாட்சியர் ஒரு வாரிசுச் சான்றிதழில் ஒப்பமிடுகிறார். அவர் யார், இன்று பதவியில் இருக்கிறாரா, ஒப்பம் அவருடையதுதானா என்பதெல்லாம் கொக்கிரகுளத்தில் இருக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குத் தெரியும். வட்டாட்சியர் அங்கே வாரந்தோறும் கூட்டத்துக்கு வந்து போகிறார். ஆனால் அந்த ஒப்பம் உண்மையானது என்று சொல்ல எங்கள் ஆட்சியர் அலுவலகத்தில் எவருக்கும் அதிகாரம் இல்லை. ரயிலில் ஏறத்தாழ 650 கிலோமீட்டர் போய், அந்த வட்டாட்சியரைக் கண்ணால் கண்டிராத ஒருவரிடம் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டியிருக்கிறது. சென்னையில் தங்க இடமில்லாதவர், கடிதப் போக்குவரத்து அறியாதவர், கைக்குழந்தை வைத்திருப்பவர் என்ன செய்வார்? முகவரிடம் போவார். வேறு வழி என்ன வைத்திருக்கிறீர்கள்?

முகவர்கள் கண்டுபிடித்த குறுக்கு வழி ஒன்றும் இருக்கிறது. மாநில அரசின் முத்திரையை விட்டுவிட்டு, டெல்லியில் உள்ள துணைக்கோட்ட நடுவர் (எஸ்.டி.எம்.) ஒருவரிடம் முத்திரை பெற்று நேரே அமைச்சகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். தாமிரபரணிக் கரையில் எழுதப்பட்ட சான்றிதழுக்கு யமுனைக் கரையில் உள்ள அதிகாரி ஒப்பமிடுகிறார். அதை அமைச்சகம் ஏற்கிறது. ஆனால் சில தூதரகங்களும் சில வெளிநாட்டு முதலாளிகளும் அதை ஏற்பதில்லை, மாநிலத்தின் முத்திரைதான் வேண்டும் என்கிறார்கள். அப்படித் திரும்பி வந்த கல்விச் சான்றிதழ்களை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். பின்பக்கம் முழுவதும் முத்திரை, ஒன்றுக்கும் பயனில்லை. விசா காலக்கெடு முடிந்து வேலையை இழந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு நான் என்ன ஆறுதல் சொல்வது?

திருவனந்தபுரத்தைப் பாருங்கள். அது எங்களுக்குச் சென்னையைவிடப் பல மடங்கு அருகில், 150 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. அங்கே, வெளிநாடுவாழ் கேரள மக்களுக்கான கேரள அரசின் நோர்க்கா ரூட்ஸ் நிறுவனம் சான்றிதழ் உறுதிப்படுத்தும் மையம் வைத்திருக்கிறது. எர்ணாகுளத்திலும் கோழிக்கோட்டிலும் வைத்திருக்கிறது. மாநில முத்திரை, அமைச்சக முத்திரை, தூதரக முத்திரை ஆகிய மூன்றுக்கும் ஒரே இடத்தில் வழி காட்டுகிறார்கள். 2019 ஜனவரியில் வெளியுறவு அமைச்சகம் சான்றொப்பப் பணியை டெல்லிக்கு வெளியே பல நகரங்களுக்குப் பரவலாக்கியபோது, கேரளத்தில் கொச்சி, திருவனந்தபுரம் என்று இரண்டு நகரங்கள் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டுக்குச் சென்னை மட்டும். மதுரையில் மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் இருக்கிறது, திருச்சியில் இருக்கிறது. திருவனந்தபுரம் பாஸ்போர்ட் அலுவலகத்தால் முடிவது மதுரை அலுவலகத்தால் ஏன் முடியாது என்று அமைச்சகத்தைக் கேட்கிறேன். செங்கோட்டைக்கு அந்தப் பக்கம் பிறந்த தொழிலாளிக்கு எளிதாகக் கிடைப்பது, இந்தப் பக்கம் பிறந்தவருக்கு ஏன் இவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று மாநில அரசைக் கேட்கிறேன். இருவரும் ஒரே விமானத்தில் போகிறார்கள். ஒரே முகாமில் படுத்துறங்குகிறார்கள்.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓர் ஆவணத்துக்கு அப்போஸ்டில் ஒட்ட அமைச்சகம் வாங்கும் கட்டணம் 50 ரூபாய். 2012 முதல் அமைச்சகம் பொதுமக்களிடம் நேரடியாக ஆவணங்களை வாங்குவதில்லை. நியமிக்கப்பட்ட சேவை நிறுவனங்கள் வழியாகத்தான் கொடுக்க முடியும், அவற்றுக்கும் ஒரு சிறு கட்டணம் உண்டு. இதையெல்லாம் கூட்டினாலும் ஒரு கட்டடத் தொழிலாளியின் ஒரு நாள் கூலிக்குள் அடங்கிவிடும். ஆனால் என் கடைக்கு வருகிறவர்கள் ஆயிரக்கணக்கில் கொடுத்துவிட்டு வருகிறார்கள். உரிய கட்டணம் எவ்வளவு என்று எழுதிய பலகை ஒன்றைத் தமிழில் எந்த அலுவலகச் சுவரிலும் அவர்கள் பார்த்ததில்லை. முகவர்கள் எல்லோரையும் நான் குற்றம் சொல்லவில்லை, நேர்மையாக வேலை செய்து கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடிமகன் தன் அரசிடம் பெற வேண்டிய ஒப்பத்தை இடைத்தரகரிடம் விலைக்கு வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலையை உருவாக்கி வைத்திருப்பது நீங்கள்.

எந்த நாட்டுக்கு எந்த முத்திரை என்பது இங்கே யாருக்கும் தெரியாது. வளைகுடாவின் ஆறு நாடுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஓமனில் 2012 முதலும் பஹ்ரைனில் 2013 இறுதி முதலும் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்துவிட்டது. சவுதி அரேபியாவில் 2022 டிசம்பர் 7 முதல் வந்தது. குவைத்தும் கத்தாரும் ஐக்கிய அரபு அமீரகமும் இன்னும் வெளியே நிற்கின்றன. சவுதிக்குப் போகும் ஆவணத்துக்குத் தூதரக முத்திரை தேவையில்லை என்று ஆன பிறகும், அதற்கென்று தனியாகப் பணம் கறந்த முகவரை எனக்குத் தெரியும். பணம் கொடுத்தவர் ஓட்டுநர் வேலைக்குப் போன ஓர் இளைஞர். விதி மாறியது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்? எந்த அலுவலகம் அவருக்குச் சொன்னது?

ஜெர்மனிக்குப் போகும் செவிலியர்களின் கதை இன்னும் வேதனையானது. இந்தியா உடன்படிக்கையில் சேர்ந்தபோது ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்தது. அதனால் நமக்கும் அந்த நாட்டுக்கும் இடையே அது நடைமுறையில் இல்லை. இதை அறியாமல், செவிலியர் படிப்பை முடித்து மொழித் தேர்வும் எழுதி முடித்த பெண்கள், சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் அப்போஸ்டில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். அந்த நாட்டு அலுவலகம் எதைக் கேட்கிறது என்று முதலில் எழுதிக் கேளுங்கள் என்று நான் சொல்லும்போது, பணம் ஏற்கெனவே போயிருக்கிறது. செவிலியர்களை வெளிநாட்டு வேலைக்கு அனுப்புவதில் அரசே முனைந்து நிற்கிறது. அனுப்புகிறவர்களுக்கு இந்த ஒரு பக்கத் தகவலை அச்சடித்துக் கொடுக்க முடியாதா?

அடுத்தது பெயர். இது எங்கள் பக்கத்துக்கே உரிய துன்பம். இங்கே பெண்களுக்கு இசக்கியம்மாள், பேச்சியம்மாள் என்றும் ஆண்களுக்குச் சுடலைமுத்து, மாடசாமி என்றும் பெயர். ஒரே இசக்கியம்மாளின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில 'ஈ' எழுத்தில் தொடங்கும், ஆதாரில் 'ஐ' எழுத்தில் தொடங்கும். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துதான் உண்டு. பாஸ்போர்ட்டில் அந்தத் தலைப்பெழுத்து தகப்பனார் பெயராக விரிந்து ஒரு பக்கம் நிற்கும், திருமணத்துக்குப் பிறகு கணவர் பெயராக விரிந்து மறுபக்கம் நிற்கும். வாரிசுச் சான்றிதழில் வெறும் ஓர் எழுத்தாக நிற்கும். அயல்நாட்டு அலுவலர் இவற்றைப் பார்த்து வெவ்வேறு ஆட்கள் என்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நம் அலுவலகங்கள் சொல்லும் தீர்வு என்ன? இருவரும் ஒருவரே என்று ஓர் உறுதிமொழிப் பத்திரம் எழுதிவரச் சொல்கிறார்கள். அந்தப் பத்திரத்தில் நோட்டரி ஒப்பமிட வேண்டும். பிறகு அந்தப் பத்திரத்துக்கும் மாநில முத்திரை, அமைச்சக முத்திரை, தூதரக முத்திரை என்று எல்லாம் முதலிலிருந்து வாங்க வேண்டும். ஓர் எழுத்துப் பிழைக்காகப் பயணம் முழுவதையும் இரண்டாம் முறை நடக்க வைக்கிறீர்கள். அந்தப் பிழையைச் செய்தது பெரும்பாலும் அரசின் கணினியில் உட்கார்ந்திருந்தவர்தான், இசக்கியம்மாள் இல்லை.

லேமினேஷன் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடுகளில் சான்றிதழ் கிடைத்த அன்றே பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சூடேற்றி ஒட்டி வைத்துவிடுவார்கள். கறையான் அரிக்கக் கூடாது, மழையில் நனையக் கூடாது என்ற அக்கறைதான். அப்படி ஒட்டிய தாளின் பின்புறத்தில் முத்திரை பதியாது. பிரித்தெடுக்கும்போது மை உரிந்து வந்துவிடுகிறது. பிறகு நகல் சான்றிதழுக்கு விண்ணப்பித்து மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சான்றிதழ் வழங்கும் நாளில் பள்ளியும் கல்லூரியும் இதை ஒரு வரியில் சொல்லியிருந்தால் போதும்.

இவையெல்லாம் மோசடியைத் தடுக்கத்தானே என்று நீங்கள் சொல்லக்கூடும். போலிச் சான்றிதழ்கள் உலவுகின்றன என்பது எனக்கும் தெரியும், அதில் உங்கள் கண்டிப்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த உடன்படிக்கையின் 5ஆம் பிரிவே அப்போஸ்டில் எதை உறுதிசெய்கிறது என்று தெளிவாகச் சொல்கிறது. ஒப்பம் உண்மையானது, ஒப்பமிட்டவர் இன்ன பதவியில் இருந்து ஒப்பமிட்டார், முத்திரை உண்மையானது, இவ்வளவுதான். ஆவணத்தின் உள்ளடக்கத்துக்கு அது உத்தரவாதம் இல்லை. அப்படியானால் ஒப்பமிட்டவருக்கு அருகில் இருப்பவரே அதை உறுதிசெய்ய மிகவும் தகுந்தவர். மாவட்ட அளவில் சரிபார்ப்பது போலியைக் கண்டுபிடிக்க இன்னும் எளிது. இந்த வேலையை எந்த அதிகாரிகள் செய்யலாம் என்று தீர்மானிக்கும் உரிமையையும் 6ஆம் பிரிவு அந்தந்த நாட்டுக்கே விட்டிருக்கிறது. ஆகவே சர்வதேச விதியைக் காரணம் காட்டி எங்களைத் திருப்பி அனுப்ப முடியாது.

இ-சனத் என்ற இணையச் சேவையை 2017 மே மாதம் தொடங்கினீர்கள். ஆவணத்தை வழங்கிய அலுவலகமே அதை மின்வழியில் உறுதிசெய்துவிட்டால், ஆள் நேரில் போகாமலேயே சான்றொப்பம் கிடைக்கும் என்பது அதன் ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆவணத்தை வழங்கிய அலுவலகம் அந்தச் சேவையில் இணைந்திருந்தால்தான் அது பயன்படும். என் கடைக்கு வருகிறவர்களின் பழைய சான்றிதழ்களுக்கு அந்த வழி திறக்கவே இல்லை. இன்னொன்றையும் கேளுங்கள். இப்போது வருவாய்த் துறைச் சான்றிதழ்கள் மின்கையொப்பத்தோடு வருகின்றன. அப்படி வந்த ஒன்றை எடுத்துச் சென்றவரிடம், மையால் போட்ட ஒப்பம் எங்கே என்று ஓர் அலுவலகத்தில் கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அரசு கொடுத்த மின்கையொப்பத்தை அரசே நம்பவில்லை என்றால் குவைத் நாட்டு அதிகாரி எப்படி நம்புவார்?

ஆண்டுதோறும் ஜனவரி 12ஆம் தேதியை அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடுகிறீர்கள். அந்த நாளை நான் மதிக்கிறேன். அயலகத் தமிழர்க்கென்று தனி ஆணையரகமும் நலவாரியமும் அமைத்ததையும் மதிக்கிறேன். ஆனால் அயலகத்தில் இறந்துபோன தமிழரின் மனைவி, அவருடைய கூலியைக் கேட்டு வாங்கத் தாலியை அடகு வைக்க வேண்டியிருக்கிறது. அந்த அமைப்புகள் முதலில் வந்து நிற்க வேண்டிய இடம் அவருடைய வாசல்.

எங்கள் கோரிக்கைகளைத் தெளிவாகவே வைக்கிறேன்.

மாநில அரசு, தனிநபர் ஆவணங்களுக்குச் சான்றொப்பம் வழங்கும் அதிகாரத்தைத் திருநெல்வேலி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஓர் அலுவலருக்கு அரசாணை மூலம் வழங்க வேண்டும். தென்காசி, தூத்துக்குடி, கன்னியாகுமரி மாவட்டத்தவரும் அவரிடம் பெறலாம் என்று அந்த ஆணையிலேயே எழுத வேண்டும். கல்விச் சான்றிதழ்களுக்கு, கல்வித் துறையின் சான்றொப்ப அலுவலர் வாரத்தில் சில நாட்களாவது இங்கே வந்து அமர வேண்டும்.

வெளியுறவு அமைச்சகம், திருவனந்தபுரத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை மதுரை மண்டல பாஸ்போர்ட் அலுவலகத்துக்கும் கொடுக்க வேண்டும். திருநெல்வேலியில் ஏற்கெனவே இயங்கும் பாஸ்போர்ட் சேவை மையத்தில் ஆவணங்களைப் பெற்றுத் திருப்பித் தர ஒரு சாளரம் திறக்க வேண்டும்.

வெளிநாட்டில் இறந்தவர்களின் வாரிசு ஆவணங்களைத் தனி வரிசையில் வைத்து, கட்டணமின்றி, எழுத்தில் அறிவிக்கப்பட்ட கால வரம்புக்குள் முடித்துத் தர வேண்டும். தூதரகம் வரையிலான பொறுப்பை நலவாரியமே ஏற்க வேண்டும். இதில் எந்தத் தாமதத்தையும் எங்களால் ஏற்க முடியாது, இதை முதலில் செய்யுங்கள்.

எந்த நாட்டுக்கு எந்த முத்திரை, ஒவ்வொன்றுக்கும் அரசு வாங்கும் கட்டணம் எவ்வளவு என்ற பட்டியலைத் தமிழில் அச்சிட்டு, வட்டாட்சியர் அலுவலகங்களிலும் இ-சேவை மையங்களிலும் பாஸ்போர்ட் சேவை மையத்திலும் ஒட்ட வேண்டும். ஒரு நாடு புதிதாக உடன்படிக்கையில் சேர்ந்தால் பட்டியலும் உடனே மாற வேண்டும்.

பெயர் வேறுபாடுகளுக்கு, வட்டாட்சியர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வழங்கும் ஒரே சான்று போதும் என்று முடிவு செய்யுங்கள். அந்தச் சான்று மூல ஆவணத்தோடு ஒரே கட்டாகச் சான்றொப்பம் பெற வழி செய்யுங்கள். மின்கையொப்பமிட்ட சான்றிதழ்களை மறுக்கக் கூடாது என்று எல்லா அலுவலகங்களுக்கும் சுற்றறிக்கை அனுப்புங்கள். தமிழ்நாட்டின் வருவாய்த் துறையையும் தேர்வுத் துறையையும் பல்கலைக்கழகங்களையும் இ-சனத்தில் முழுமையாக இணைக்கும் தேதியை அறிவியுங்கள்.

இவற்றில் எதைச் செய்வீர்கள், எப்போது செய்வீர்கள், எதைச் செய்ய இயலாது, ஏன் இயலாது என்று எங்களுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். அந்தப் பதிலைத் தமிழில் தாருங்கள். என் கடைச் சுவரில், வருகிறவர்கள் எல்லோரும் படிக்கும் இடத்தில் அதை ஒட்டி வைப்பேன்.

இப்படிக்கு,
தட்டச்சு நிலையம் நடத்துபவர்,
பாளையங்கோட்டை.